காஓர் பாலத்துச் சாத்தானுக்கு வயது என்ன?

கல்தச்சன்:
போன வாரம் வழிப்போக்கன் இங்கே எழுதிய பிரான்ஸ் பயணக் கட்டுரையில் ஒரு வரி: "காஓர் நகரத்து வலாந்த்ரே பாலத்தில், 700 ஆண்டுகளுக்கு முன் கொத்தனார்கள் செதுக்கிய சாத்தான் இன்றும் கோபுர மூலையைப் பற்றிக்கொண்டிருக்கிறான்." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்தச் சாத்தான் அங்கே வந்தது 1879-இல். பாலத்தைப் பழுதுபார்த்த போல் கூ என்ற கட்டடக் கலைஞர் வைத்த சிலை அது. பாலம் 1308-இல் தொடங்கி ஏறக்குறைய 70 ஆண்டுகள் கட்டப்பட்டது, அதில் எனக்குச் சண்டை இல்லை. சாத்தான் அதற்கு 500 ஆண்டு இளையவன். அந்த வரியைத் திருத்துங்கள்.

வழிப்போக்கன்:
ஐந்து நாள் நடந்து எழுதியது அந்தக் கட்டுரை. பூசியெஸ் கிராமத்திலிருந்து, கரையில் நடந்தபடி படகுகளைக் கயிற்றால் இழுக்க ஆற்றோரப் பாறையைக் குடைந்த படகுப்பாதையில் நடந்து, சன்-சீர்-லாபொப்பிக்கு மூச்சு வாங்க ஏறினேன். ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும் கிராமம். மரக்கடைசல்காரர்கள் ஒரு காலத்தில் மதுப் பீப்பாய்க்குக் குழாய் கடைந்த தெருக்கள், வளைவு வைத்த கடைவாசல்கள், உச்சியில் இடிந்த கோட்டை எல்லாம் எழுதினேன். அதையெல்லாம் விட்டுவிட்டு உங்களுக்குக் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரியா?

சாத்தான் கதையை முழுதாகச் சொல்கிறேன், கேளுங்கள். வேலை இழுத்துக்கொண்டே போனதால் தலைமைக் கொத்தனார் தன் ஆன்மாவைத் தருவதாகச் சாத்தானிடம் ஒப்பந்தம் போட்டார். முடியப்போகும் நேரத்தில், சுண்ணாம்பு குழைக்கச் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சாத்தானால் முடியவில்லை, ஆன்மா தப்பியது. அந்தக் கோபத்தில் அவன் ஒவ்வொரு இரவும் நடுக்கோபுரத்தின் மூலைக்கல்லைப் பிடுங்கினான். இந்தக் கதை பாலத்தோடு பிறந்தது. அப்படியானால் சாத்தானும் பாலத்தோடு பிறந்தவன்தான்.

கல்தச்சன்:
கதை வேறு, கல் வேறு. நீங்கள் எழுதியது "செதுக்கிய". செதுக்கியது 1879.

புதுச்சேரிக்காரி:
சாத்தானை விடுங்கள். கட்டுரை முழுக்க ஆற்றை "லோ நதி" என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன ஆறு? அது லொத் (Lot). கடைசி எழுத்தை உச்சரிக்க வேண்டும்.

வழிப்போக்கன்:
பிரெஞ்சில் கடைசி மெய்யெழுத்து ஒலிக்காது என்பது முதல் பாடம். இரண்டு ஆண்டு வகுப்பில் படித்திருக்கிறேன். காஓர் (Cahors) என்ற பெயரில் கடைசி s ஒலிக்கிறதா? இல்லையே.

புதுச்சேரிக்காரி:
காஓரில் ஒலிக்காது, லொத்தில் ஒலிக்கும். ஊர்ப்பெயரும் ஆற்றுப்பெயரும் வகுப்புப் பாடத்துக்குக் கட்டுப்படாது. அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் லொத் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் பாட்டி வீட்டில் பிரெஞ்சுதான் பேசுவார், எனக்கு வகுப்பு தேவைப்படவில்லை.

கல்தச்சன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் பேச்சு திசைமாற வேண்டாம். 1879.

லாஷப்பல்காரன்:
இந்தக் கல்தச்சனை எனக்குத் தெரியும். போன ஆண்டு நான் கார்கசோன் கோட்டைக்குப் பிள்ளைகளோடு போன படங்களைப் போட்டேன். கூரைகள் அழகு என்று ஒரு சொல் எழுதினேன். அது வியொல்லே-ல-துக் என்ற கட்டடக் கலைஞர் 19-ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தபோது போட்ட கூரை, வடக்குப் பாணிக் கூரை, தெற்குக்குப் பொருந்தாது என்று மூன்று நாள் விடவில்லை. என் மகள் பிறந்தநாள் படம் அது. ஒருவர் வாழ்த்துகூடச் சொல்லாமல் கூரையைப் பற்றியே பேசினார்கள்.

கல்தச்சன்:
அன்று சொன்னதும் சரிதான். கூரை 19-ஆம் நூற்றாண்டு. மகளுக்கு இப்போது வாழ்த்துச் சொல்கிறேன், கூரையைப் பற்றிச் சொன்னதை மாற்ற மாட்டேன்.

தராசு:
நண்பர்களே, ஒரு கேள்வி. சாத்தான் ஐரோப்பாவின் இடைக்காலத்தவனா, பிற்காலத்தவனா என்பதுதானே சண்டை? "இடைக்காலம்" என்று இருவரும் எதை நினைக்கிறீர்கள்? எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? பழுதுபார்த்தபின் ஒரு கட்டடம் இடைக்காலக் கட்டடமா, இல்லையா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வழிப்போக்கன்:
இடைக்காலம் என்றால் இடைக்காலம்தான், அதில் என்ன குழப்பம்? கல்தச்சன் சொல்வதுபோல் பார்த்தால், பழுதுபார்த்த பாலமே இடைக்காலப் பாலம் இல்லை. மூன்று கோபுரமும் 1879-இல் பிறந்தவை என்று சொல்வாரா?

கல்தச்சன்:
நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள். பாலம் 14-ஆம் நூற்றாண்டு. ஆறு கூர்வளைவுகள், மூன்று கோபுரங்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூற்றாண்டுப் போரில் ஆங்கிலேயரும் அதைத் தாக்கவில்லை. 1580-இல், பின்னாளில் பிரான்ஸ் மன்னரான நவார் ஹென்றி காஓரைப் பிடித்தபோதும் இந்தப் பாலத்தின் வழியாக வரவில்லை. 1998-இல் ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் கிறித்தவ யாத்திரைப் பாதைகளின் பகுதியாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவு பெருமை உள்ள பாலத்துக்குப் பொய்ச் சாத்தான் எதற்கு? நான் தூலூஸில் பதினோரு ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல் வேலை செய்கிறேன். பழைய உளித்தடமும் புதிய உளித்தடமும் எனக்குத் தெரியும். நீங்கள் வாசகருக்கு ஒரு வரி பொய் சொன்னால், அடுத்த முறை அவர் அந்தக் கோபுரத்தடியில் நின்று தன் பிள்ளைக்கும் அதையே சொல்வார்.

இன்னொன்று. அந்தப் படகுப்பாதையில் பாறைமேல் மீன், சிப்பி, நீர்ச்சுழல் எல்லாம் செதுக்கிய படம் போட்டு "பழைய படகுப்பாதைச் சிற்பம்" என்று எழுதினீர்கள். அது தானியேல் மோனியே என்ற சிற்பி செதுக்கியது. 20-ஆம் நூற்றாண்டு. பாதையே 1840-களில் வெட்டியது.

வழிப்போக்கன்:
தமிழை ஒழுங்காகப் படியுங்கள். "பழைய" என்பது படகுப்பாதைக்கு அடை, சிற்பத்துக்கு அல்ல. பழைய படகுப்பாதையில் உள்ள சிற்பம் என்று பொருள்.

கல்தச்சன்:
"பழைய படகுப்பாதைச் சிற்பம்" என்று படிக்கும் யாரும் சிற்பம் பழையது என்றுதான் நினைப்பார்கள்.

புதுச்சேரிக்காரி:
இலக்கணப்படி இரண்டு பொருளும் வரும். குழப்பம் வராமல் எழுதுவது எழுதுபவர் பொறுப்பு. லொத்தும் அப்படித்தான்.

லாஷப்பல்காரன்:
நான் பிரெஞ்சு மண்ணில் இருபது வருடமாக இருக்கிறேன். லோ என்றுதான் என் வாயில் வருகிறது, யாரும் என்னைத் திருத்தியதில்லை.

புதுச்சேரிக்காரி:
பாரிஸ்காரர்களிடம் பேசியிருப்பீர்கள், அண்ணா. காஓர் சந்தையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். புதன், சனி காலையில் பேராலயத்தின் முன்னால் கூடுகிறது. தக்காளி விற்கும் பாட்டி திருத்துவார்.

தராசு:
எனக்கு உண்மையில் தெரிய வேண்டியது ஒன்று. செப்டம்பரில் நானும் மனைவியும் போகிறோம், கார் இல்லை. காஓரிலிருந்து சன்-சீர் போக வழி உண்டா?

வழிப்போக்கன்:
உண்டு. பாரிஸ் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து காஓருக்கு நேர் ரயில், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். காஓரிலிருந்து ஃபிஜாக் போகும் பேருந்தில் ஏறி, தூர்-து-ஃபோர் என்ற ஊரில் இறங்கி, பாலத்தைத் தாண்டி மேலே நடக்க வேண்டும். ஏற்றம் செங்குத்து, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் பிரெஞ்சுக்காரர்களின் விருப்பக் கிராமமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர், ஜூலை, ஆகஸ்டில் கால் வைக்க இடமிருக்காது. செப்டம்பர் நல்ல முடிவு. காலை எட்டு மணிக்கு நான் நின்றபோது கூரையோடுகளில் பனி ஈரம் மின்னியது, கீழே ஆறு வெள்ளையாகப் புகைந்தது. ஆந்த்ரே ப்ரெதோன் என்ற கவிஞர் 1950-இல் இந்த ஊரைப் பார்த்து மயங்கி, அங்கேயே வீடு வாங்கினார் என்றால் அதில் வியப்பே இல்லை. பக்கத்தில் பெஷ் மேர்ல் குகை, 1922-இல் சிறுவர்கள் கண்டுபிடித்தது. ஆதிமனிதர் வரைந்த புள்ளி போட்ட குதிரைகளின் அசல் ஓவியத்தையே பார்க்கலாம். முன்பதிவு செய்யுங்கள்.

லாஷப்பல்காரன்:
காரில் போனால் கிராமத்துக்கு வெளியே காசு கொடுத்து நிறுத்த வேண்டும். நான் இடம் தேடி முக்கால் மணி நேரம் சுற்றினேன்.

கல்தச்சன்:
தராசு, அந்தக் குதிரைகளுக்கு ஏறக்குறைய 29,000 ஆண்டு வயது சொல்கிறார்கள். நிறத்தின் கரியைச் சோதித்துச் சொன்ன கணக்கு. ஒரு குதிரைக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். நம் வழிப்போக்கனோ கேட்டதை அப்படியே எழுதிவிட்டார்.

வழிப்போக்கன்:
பாலத்தில் ஒரு வழிகாட்டி சொன்னதைக் கேட்டு எழுதினேன். அவர் அந்த ஊர்க்காரர்.

கல்தச்சன்:
அவர் கதையைச் சொல்லியிருப்பார். 700-ஐ நீங்கள் சேர்த்தீர்கள்.

வழிப்போக்கன்:
நீங்கள் அங்கே நின்று கேட்டீர்களா?

கல்தச்சன்:
கேட்கத் தேவையில்லை. சாத்தான் கல்லில் இருக்கிறான். அவன் கை பிடித்திருக்கும் மூலைக்கல்லை ஒரு தொலைநோக்கியில் பாருங்கள். 1879.

தராசு:
சரி, ஆண்டு 1879 என்றே வைத்துக்கொள்வோம். அதற்காகக் கட்டுரை மோசமாகிவிடுமா? காஓரைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஊர், 1316-இல் போப் ஆன 22-ஆம் யோவான் பிறந்த ஊர், ஐரோப்பா முழுக்க வட்டிக்கு விட்டவர்களின் ஊர் என்று எத்தனை செய்தி.

கல்தச்சன்:
"வைத்துக்கொள்வோம்" என்ன? அதுதான் உண்மை.

வழிப்போக்கன்:
தராசு, நன்றி. நீங்களாவது முழுதாகப் படித்தீர்கள். சரி, அந்த வரியை மாற்றிவிட்டேன். இப்போது: "நூற்றாண்டுகள் பழைய சாத்தான் இன்றும் கோபுர மூலையைப் பற்றிக்கொண்டிருக்கிறான்." போதுமா?

கல்தச்சன்:
போதாது. 1879-இலிருந்து இன்றுவரை ஒன்றரை நூற்றாண்டுகூட முழுதாக ஆகவில்லை. "நூற்றாண்டுகள்" என்று பன்மை எப்படி வரும்? தவறை ஒப்புக்கொள்ளாமல் மழுப்புகிறீர்கள்.

வழிப்போக்கன்:
ஒன்றுக்கு மேல் போனால் பன்மைதான்.

கல்தச்சன்:
இரண்டு ஆகட்டும், அப்புறம் எழுதுங்கள். ஆண்டை எழுதுவதில் உங்களுக்கு என்ன கஷ்டம்? நான்கு இலக்கம்.

வழிப்போக்கன்:
என் கட்டுரையில் எதை எழுதுவது என்று நான்தான் முடிவு செய்வேன். இதற்குமேல் இதைப்பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

லாஷப்பல்காரன்:
கார்கசோனிலும் நான் இப்படித்தான் சொன்னேன். மூன்று நாள் விடவில்லை, நினைவிருக்கட்டும்.

கல்தச்சன்:
விட மாட்டேன். தராசு, செப்டம்பரில் போகும்போது ஒரு உதவி. நடுக்கோபுரத்தின் மேல்மூலையை நெருக்கமாகப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கல்லின் நிற வேறுபாட்டை நான் காட்டுகிறேன்.

புதுச்சேரிக்காரி:
வழிப்போக்கன், கட்டுரையில் "லோ நதி" இன்னும் பதினாறு இடத்தில் இருக்கிறது.