ஓய்வு பெற்றதும் நடை நின்றுபோவது ஏன்? கூட்டாளிகள் உதவுவார்களா?

கேள்வி: வேலையில் இருந்தவரை சுறுசுறுப்பாக இருந்தவர்கள் ஓய்வுக்குப் பின் சில மாதங்களிலேயே முடங்கிவிடுகிறார்கள். கூட்டாக நடந்தால் தொடருமா? குழுவை எப்படி அமைப்பது?

பதில் 1: வேலை முடிந்ததும் அலுவலகத்துக்குப் போய்வரும் நடை, மாடிப்படி, இடைவேளைத் தோழர்கள் எல்லாம் சேர்ந்தே போய்விடும். யாரும் கணக்கு வைக்காத நடை என்பதால் இழந்ததும் தெரியாது. ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பே அலுவலகத்துக்கு வெளியே உள்ளவர்களோடு நாள், நேரம், இடம் குறித்துத் தொடங்குங்கள். 'முடிந்தால் வாங்க' என்றால் யாரும் வரமாட்டார்கள். ஒரே துணையை நம்பினால் அவர் வெளியூர் போகும் வாரம் நடையும் நின்றுவிடும். நான்கைந்து பேராவது வேண்டும்.

பதில் 2: குழுக்கள் உடைவது பெரும்பாலும் வேகத்தால்தான். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பின்தங்குபவர் கூச்சப்பட்டே வராமல் போவார். சிறிய சுற்றுப்பாதையாகத் தேர்ந்தெடுத்தால் அவரவர் வேகத்தில் நடந்து, முடிவில் ஒன்றாக உட்கார்ந்து பேசலாம். (அரட்டைக்காகவே வருபவர்களை விரட்டாதீர்கள், குழுவை ஒட்டவைப்பது அவர்கள்தான்.)

பதில் 3: நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு 2 நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். 65 வயதானால் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி 3 நாள். நடை முடிந்த இடத்திலேயே, கை ஊன்றாமல் பெஞ்சிலிருந்து 10 முறை எழுந்து உட்காருங்கள். பிறகு பெஞ்சைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் 10 விநாடி. தனியாகச் செய்யக் கூச்சப்படுபவர்களும் கூட்டத்தோடு செய்வார்கள்.

பதில் 4: வீட்டையும் பாருங்கள். ஓய்வு பெற்றவர் எப்போதும் சும்மா இருப்பார் என்று பேரப்பிள்ளைகள் பொறுப்பும் வெளிவேலைகளும் அவர் தலையில் விழும். நடை நேரத்தை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.