மறு: 'டிடரன்ஸ்': தடுப்பா, அச்சுறுத்தலா, ஊக்கமழிப்பா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 'டிடரன்ஸ்' (தாக்க எண்ணும் பகைவனை முன்கூட்டியே பின்வாங்கச் செய்வது) என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது என்ற நம் உரையாடலுக்கு என் மறுமொழி இது.

ஐரோப்பாவின் படைச்செலவைப் பற்றி அரசியல் அறிவியல் மாணவர்களுக்காக நான் பெயர்த்துவரும் பாடத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'டிஃபென்ஸ்', 'செக்யூரிட்டி' இரண்டையும் 'பாதுகாப்பு' என்றே எழுதினால் 2025இல் நேட்டோ படைக்கூட்டணி ஹேக் நகரில் நடத்திய மாநாட்டின் கணக்கே குழம்பிவிடும். 2035க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காடு என்று நேட்டோ நாடுகள் ஒப்பியதில், 3.5 படைக்கும் ஆயுதத்துக்கும் உரியது, எஞ்சிய 1.5 பாலம், சாலை, இணையவெளிக் காவல் முதலியவற்றுக்கு உரியது. ஆகவே 'டிஃபென்ஸ்' என்பதைச் சிங்கப்பூர் வழக்குப்படி 'தற்காப்பு' என்று எழுதலாம் என்ற யோசனையை ஏற்றுக்கொண்டேன்.

'டிடரன்ஸ்' அவ்வளவு எளிதாக முடியவில்லை. பலரும் பரிந்துரைத்த 'அச்சுறுத்தித் தடுத்தல்' என்பதை இட்டுப் பார்த்தேன்: "ரஷ்யாவின் அச்சுறுத்தலை முன்னிட்டு லித்துவேனியாவில் ஜெர்மனி ஒரு படையணியை நிலையாக நிறுத்துவது அச்சுறுத்தித் தடுப்பதற்காகும்." யார் யாரை அச்சுறுத்துகிறார் என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வது? ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரில் அச்சம் இருக்கிறது. ஜெர்மானியரின் 'அப்ஷ்ரெக்குங்' என்பதிலும் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சுக்காரர் 'திசுவாசியோன்' என்கிறார்கள், அது எண்ணத்தைக் கைவிடச் செய்வது. ருஷ்யரின் 'ஸ்தெர்ஷிவானியே' பிடித்து நிறுத்துவது. அவர்களுக்குள்ளேயே ஒரே படிமம் இல்லாதபோது நாம் அச்சத்தைக் கட்டாயம் சுமக்க வேண்டியதில்லை.

பொருளும் மாறியிருக்கிறது. கிரிமியாவை ரஷ்யா கைப்பற்றிய பின், 2017 முதல் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, போலந்து ஆகியவற்றில் நேட்டோ நிறுத்திய சிறு படைகள் படையெடுப்பைத் தாமே நிறுத்தக்கூடியவை அல்ல. அவற்றைத் தொட்டால் கூட்டணி முழுவதும் போருக்கு வரும் என்பதற்கான அறிகுறிகள். 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரைன்மீது முழு அளவில் படையெடுத்த பிறகு, அங்கே புச்சா நகரில் பொதுமக்கள் கொல்லப்பட்டதைக் கண்ட எஸ்தோனியா முதலிய பால்டிக் நாடுகள், முதலில் நிலத்தை இழந்து பின்னர் மீட்பது என்ற கணக்கை ஏற்க மறுத்தன. தண்டனைக்கு அஞ்சி விலகுவது ஒன்று; வந்தாலும் பயனில்லை என்று உணர்ந்து விலகுவது மற்றொன்று. போலந்து 2024இல் 4 விழுக்காட்டுக்கு மேல் செலவிட்டது இந்த இரண்டாவதற்காகத்தான்.

இங்கேதான் எனக்குக் குறள் 744 நினைவுக்கு வந்தது: "சிறுகாப்பிற் பேரிடத்த தாகி உறுபகை ஊக்கம் அழிப்ப தரண்." அரண், அதாவது கோட்டை, பகைவனை அழிப்பது என்று வள்ளுவர் சொல்லவில்லை, அவன் ஊக்கத்தை அழிப்பது என்கிறார். தடுப்பவனின் வினையாக நின்றுவிடாமல், பகைவன் மனத்தில் நிகழ்வதைச் சொல்லும் வேறு சொல்லை நான் காணவில்லை. எனவே 'ஊக்கமழிப்பு'.

எதிர்ப்பு இரண்டு வந்தன, இரண்டும் நியாயமானவை. வகுப்பெடுக்கும் நண்பர், ஊக்கப்பரிசும் ஊக்கத்தொகையும் பழகிய மாணவர் இதைச் சோர்வூட்டுதல் என்றே கொள்வார் என்றார். மூத்த புலவர் ஐயா, குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் 'உறுபகை' என்பதை வந்து முற்றுகையிட்ட பகை என்றே கொள்வதால், போருக்கு முந்தைய நிலைக்கு இக்குறள் சான்றாகாது என்றார். ஐயாவுக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்ட அன்பருக்கு: 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் 80,000 கோடி யூரோ வரை திரட்டும் திட்டத்துக்கு 'ஐரோப்பாவை மறுபடி ஆயுதம் தரிப்போம்' என்ற பொருளில் பெயரிட்டபோது, இத்தாலிய, ஸ்பானியத் தலைவர்கள் பெயரையே குறை கூறினார்கள்; பின்னர் 'ஆயத்தநிலை 2030' என்ற பெயர் முன்னுக்கு வந்தது.

பெரும்பான்மையினர் கேட்டபடி பாடத்தில் 'முன்தடுப்பு' என எழுதுகிறேன். சொல்லடைவில் 'ஊக்கமழிப்பு' உடன் நிற்கும். ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. பிரான்சின் அணுகுண்டுகளைப் பற்றிய பத்தியில் 'அணுவாயுத முன்தடுப்பு' என்று எழுதினால், அது அணுவாயுதத்தைத் தடுப்பதா, அணுவாயுதத்தால் தடுப்பதா? இரண்டாம் வேற்றுமைத் தொகையாகவே, அதாவது 'அணுவாயுதத்தைத் தடுப்பது' என்றே எவரும் படிப்பார். உருபை விரித்து 'அணுவாயுதத்தால் முன்தடுப்பு' என்று எழுதலாமா? வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.