மறு: ‘சீட்டிங்’ - அமர்வா, பந்தியா?

குழுவினருக்கு வணக்கம். உல்லாசக் கப்பல் சாப்பாட்டுக் கூடச் சொற்களுக்கு நாம் போடும் தமிழ்ப் பட்டியலில், பயணிகள் முறை வைத்துச் சாப்பிட உட்காரும் ‘சீட்டிங்’குக்கு எந்தச் சொல் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> முதல் அமர்வு, இரண்டாம் அமர்வு என்றே வைத்துக்கொள்ளலாம். பொருள் தெளிவாக இருக்கிறது.

எனக்குத் தெளிவாக இல்லை, ஐயா. ‘இரண்டாம் அமர்வு’ என்று படித்ததும் கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிந்தது நினைவுக்கு வருகிறது. ‘மதுரை அமர்வு’ என்றால் உயர் நீதிமன்றம். சோற்று வாசனையே இல்லாத சொல் இது.

உல்லாசக் கப்பல்களின் சாப்பாட்டுக் கூடத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விளக்குகிறேன். கூடத்தில் ஒரே நேரத்தில் எல்லாப் பயணிகளையும் உட்கார வைக்க இடம் இருக்காது. அதனால் இரண்டாகப் பிரிப்பார்கள். கியூனார்டு நிறுவனத்தின் குயீன் மேரி 2 கப்பலில், பிரிட்டானியா உணவகத்தில் மாலை 6 மணிக்கு ஒரு கூட்டம், 8.30-க்கு இன்னொரு கூட்டம். பயணம் முடியும்வரை உங்களுக்கு அதே நேரம், அதே மேசை, அதே வெயிட்டர். முதல் கூட்டம் எழுந்ததும் விரிப்பை மாற்றி, கரண்டி கத்தி அடுக்கி, அடுத்த கூட்டத்துக்குக் கதவைத் திறக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் இலையைச் சுருட்டிப் போட்டு, மேசையில் புதுக் காகிதம் உருட்டுகிறார்களே, அதே வேலை, அதே அவசரம். அதற்குப் பெயர் பந்தி. முதல் பந்தி, இரண்டாம் பந்தி. நாம் புதிதாக உருவாக்க வேண்டியதே இல்லை.

> பந்தி என்பது ‘பங்க்தி’யிலிருந்து வந்த வடசொல். வரிசை என்றுதான் பொருள். கப்பலிலோ வட்ட மேசைகள்.

வேர் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் ‘ரெண்டாம் பந்தியில உக்காந்துக்கலாம்’ என்று சொல்கிறவர் வரிசையை நினைத்தா சொல்கிறார்? சாப்பிட உட்காரும் ஒரு சுற்றைத்தான் சொல்கிறார். மேசை வட்டமாக இருந்தால் என்ன, சதுரமாக இருந்தால் என்ன.

இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் இன்னொன்றும் தானாக வந்து சேர்கிறது. கூடத்துக்குப் பொறுப்பான ‘மேட்ர டீ’. பட்டியலில் ‘உணவகத் தலைமைப் பணியாளர்’ என்று போட்டிருக்கிறோம், பதவி உயர்வு உத்தரவு மாதிரி. அவர் செய்வதெல்லாம் இதுதான்: யாரை எந்த மேசையில் போடுவது என்று முடிவு செய்வார், யாருக்கும் யாருக்கும் ஒத்துவரவில்லை என்றால் மறுநாளே சத்தமில்லாமல் இடம் மாற்றுவார், மேசை மேசையாக நின்று மீன் நன்றாக இருந்ததா என்று கேட்பார். நம் ஊரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ‘அந்த இலைக்கு ரசம் வரலை பாரு’ என்று குரல் கொடுத்தபடி நடக்கும் பெரியப்பா செய்வதும் அதுதான். அதற்கு நம்மிடம் பெயரும் இருக்கிறது, பந்தி விசாரிப்பது. ஆகவே என் பரிந்துரை: பந்தி விசாரிப்பாளர்.

விசாரிப்பு என்றால் போலீஸ் விசாரணை போல ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்’ என்று கடிதம் முடித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. சொல்லைக் காவல் நிலையத்துக்கு முழுசாக எழுதிக் கொடுத்துவிட வேண்டாமே.

‘வெள்ளிச் சேவை’யைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பெருமாள் கோயில் வாகனப் புறப்பாடு போல இருக்கிறது. சில்வர் சர்வீஸ் என்பது, தாம்பாளத்தை இடக்கையில் ஏந்தி, விருந்தாளியின் இடப்பக்கம் நின்று, வலக்கையில் கரண்டியும் முள்கரண்டியும் ஒன்றாகப் பிடித்து உணவை எடுத்து அவர் தட்டில் வைப்பது. அந்தக் கரண்டிப் பிடி வசப்பட எனக்கு ஒரு மாதம் ஆனது; உருளைக்கிழங்கு உருண்டைகளை வைத்துத்தான் பழகினேன், உருண்டு ஓடியவற்றுக்குக் கணக்கில்லை. இப்போது பெரும்பாலான கப்பல்களில் இது இல்லை. சமையற்கட்டிலேயே தட்டில் அடுக்கி அனுப்பிவிடுகிறார்கள். தமிழில் ‘பரிமாறு’ என்றால் பாத்திரத்திலிருந்து எடுத்து இலையில் இடுவதுதான். ஆக முந்தையது பரிமாறல், பிந்தையது தட்டுச் சாப்பாடு. இரண்டுக்கும் பரிமாறல் என்று போட்டதால்தான் ‘வெள்ளி’ தேவைப்பட்டது.

> நேரம், மேசை எதுவும் குறிக்காத முறைக்குச் ‘சமபந்தி’ பொருந்துமே?

பொருந்தவே பொருந்தாது. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000-ல் கொண்டுவந்தது நேரக்கட்டுப்பாட்டை எடுத்த ஏற்பாடு. சமபந்தி என்பது சாதி பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, அதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. கப்பல் சாப்பாடோ தொடக்கத்திலிருந்தே தரம் பிரித்த சாப்பாடு. டைட்டானிக்கில் மூன்று வகுப்புக்கும் தனித்தனிக் கூடம். குயீன் மேரி 2-ல் இன்றைக்கும் அறை வாடகையைப் பொறுத்துத்தான் உங்கள் உணவகம் பிரிட்டானியாவா, பிரின்சஸ் கிரில்லா, குயீன்ஸ் கிரில்லா என்பது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலா கப்பலில் நம்மவர்கள் பெரும்பாலும் டெக் பயணிகள், அதாவது அறை இல்லாமல் தளத்திலேயே தங்கியவர்கள். விரிப்பு போட்ட மேசை அவர்களுக்கு இல்லை. நேரம் குறிக்காத அந்த முறையை ‘எந்நேரச் சாப்பாடு’ என்று விட்டுவிடலாம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘கேப்டன் மேசை’ என்றால் இங்கே எந்தக் கேப்டன் நினைவுக்கு வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. மீகாமன் மேசை எனக்குப் பிடித்திருக்கிறது, வற்புறுத்தவில்லை. ‘டைனிங் சலூன்’ என்பதை அப்படியே ஒலிபெயர்த்தால் முடிவெட்டும் கடை ஆகிவிடும்.

பட்டியலில் விடுபட்ட ஒன்று: ஃபிடில். இது வயலின் அல்ல. கடல் கொந்தளிக்கும்போது தட்டு சரிந்து விழாமல் இருக்க மேசை ஓரத்தில் நிறுத்தும் மரச்சட்டம். அதோடு விரிப்பையும் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுவார்கள், தட்டு வழுக்காது. 1907-ல் ஓடத் தொடங்கிய மௌரிட்டேனியா கப்பலில் நாற்காலிகளையே தரையோடு பிணைத்திருந்தார்கள், சுழலும், நகராது. இந்தச் சட்டத்துக்கு ‘மேசை வரப்பு’ எப்படி? வயலில் தண்ணீரைத் தடுப்பது, இங்கே சூப்பைத் தடுப்பது.

- - -

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சின்ன இடையூறு. எங்கட பாடப்புத்தகங்களில் பந்தி என்றால் நீங்கள் ‘பத்தி’ என்று எழுதுவது. ‘இரண்டாம் பந்தியை வாசிக்க’ என்றுதான் பரீட்சைத் தாளில் வரும். கலியாண வீட்டுப் பந்தியும் எங்களுக்கு விளங்கும்தான். ஆனால் பயணச்சீட்டில் ‘இரண்டாம் பந்தி’ என்று மட்டும் அச்சடித்தால் ஆட்கள் கீழே இரண்டாவது பத்தியைத் தேடப் போகினம். மேசை வரப்பு நல்லாயிருக்கு, அதுக்கு என் ஆதரவு.

- - -

நல்ல வேளை சொன்னீர்கள், எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் சீட்டில் மட்டும் ‘சாப்பாட்டுப் பந்தி: 2’ என்று போடுவோம். விசாரிப்பாளருக்கு அங்கே சிக்கல் இல்லையே? இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.