புதுச்சேரியிலிருந்து பாரிஸ்: அம்மாவின் பயண நேரம் குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். முத்தியால்பேட்டையில் வசிக்கும் என் தாயார், எழுபத்திரண்டு வயதில், முதன்முறையாக விமானம் ஏறி, வரும் ஜூலையில் பாரிஸில் உள்ள என் தங்கையின் வீட்டிற்குச் செல்லவிருக்கிறார்.

சென்னையில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, துபாயில் விமானம் மாறி, அன்றே பிற்பகல் 1.30 மணிக்குப் பாரிஸ் சேர்வதாகப் பயணச்சீட்டில் உள்ளது. அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் கழித்துப் பார்த்த அம்மா, "ஒன்பதரை மணி நேரம்தானே" என்கிறார். கோடைக்காலத்தில் பாரிஸ் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், உண்மையில் அது பதின்மூன்று மணி நேரம். நேர்க்கோட்டில் பார்த்தால் சென்னைக்கும் பாரிஸுக்கும் சுமார் 8,000 கிலோமீட்டர்தான். துபாய் வழியாகப் போவதால் தூரம் சற்றுக் கூடுகிறது, இடையில் இரண்டு மணி நேரக் காத்திருப்பும் உண்டு. இதற்கு முன்பே, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக விமான நிலையம் செல்ல மூன்று மணி நேரம் காரில் உட்கார வேண்டும்.

மூட்டுவலி உள்ளவர் என்பதால், சக்கர நாற்காலி உதவியுடன் விமானம் மாற அந்த இரண்டு மணி நேரம் போதுமா, அல்லது முந்தைய நாளே சென்னையில் தங்கவைத்து, இடைவெளி கூடுதலாக உள்ள விமானத்திற்கு மாற்றுவது நல்லதா என்பதை, வயதானவர்களை இவ்வழியில் அனுப்பிய அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.