அக்கா மகளுக்கு நிற்காத உதிரப்போக்கு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அக்கா மகளுக்கு 14 வயது. இந்த முறை மாதவிடாய் இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை. உதடெல்லாம் வெளுத்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சீருடையில் கறை பட்டுவிடுமோ என்று ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறாள். பார்க்கவே மனசு பொறுக்கவில்லை.

டாக்டரிடம் காட்டினோம். வயதுக்கு வந்த புதிதில் கருமுட்டை மாதாமாதம் சரியாக வெளிவராது, அதனால் இப்படி ஆவதுண்டு என்றார். ஹீமோகுளோபின் 9. இரும்புச்சத்து மாத்திரையும், உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும் தந்திருக்கிறார். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும் என்று அக்கா சொன்னதும், வான் வில்லிபிராண்ட் என்ற ரத்தம் உறைதல் குறைபாட்டுக்கும் சோதனை எழுதினார். நாப்கின் மணிக்கு ஒன்று நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்.

அடுத்து ஹார்மோன் மாத்திரை தரலாம் என்கிறார். பின்னாளில் குழந்தை பிறக்காமல் போய்விடுமோ என்று அக்காவுக்குப் பயம். அப்படியெல்லாம் ஆகாது என்று டாக்டர் சொல்லியும் மனம் ஆறவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டிருந்தால் எப்படி இருந்தது? இரும்பு மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது, அதை எப்படிச் சமாளித்தீர்கள்? அப்புறம், வகுப்பு ஆசிரியரிடம் நாங்கள் பேசலாமா? வேண்டாம் சித்தி என்று அழுகிறாள்.