லா கிராந்த் மோத்தின் படியடுக்குக் குடியிருப்புகளும் நம் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸும்

கரையோரவாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பிரான்சின் தென்கரையில் மோன்பெலியே நகருக்கு அருகிலுள்ள லா கிராந்த் மோத் என்னும் விடுமுறை நகரைப் பற்றி எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில் பேச இருக்கிறேன். அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் மேலே போகப் போகப் பின்வாங்கி, பிரமிடுகளைப் போல நிற்கின்றன. படங்களைப் பார்த்த உடனே நம் சிங்கப்பூரின் பீச் ரோட்டிலுள்ள கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ்தான் நினைவுக்கு வந்தது. இந்த வடிவம் தோற்றத்துக்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதா, அல்லது அந்தக் கரைக்கென்றே ஒரு காரணம் இருந்ததா? அக்கட்டடங்களுக்கு இன்று என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

வரைபலகை

சகோதரி, வடிவத்துக்கு முன்னால் அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மணலும் உப்பங்கழிகளும் கொசுக்களும் நிறைந்த, ஏறக்குறைய ஆளில்லாத கரையாக இருந்தது. கோடை விடுமுறைக்கு ஸ்பெயின் செல்லும் வழியில் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்த மக்களைத் தன் கரையிலேயே தங்கவைக்க எண்ணிய பிரெஞ்சு அரசு, 1963-இல் லாங்கெதோக் கடற்கரை முழுவதற்குமாக ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. அதில் இந்த நகரம் ழான் பலதூர் என்ற ஒரே தலைமைக் கட்டடக் கலைஞரின் பொறுப்பில் விடப்பட்டது. 1968-இல் முதல் விடுமுறைப் பயணிகள் வந்து தங்கினார்கள்.

பலதூர் இளமையில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரிடம் தத்துவம் பயின்றவர். பெருநகர்களின் புறத்தே வரிசை வரிசையாக எழுந்துகொண்டிருந்த பெட்டி வடிவக் குடியிருப்புகள் அவருக்கு உவப்பானவை அல்ல. மெக்சிகோவின் தியோதிவாக்கான் பிரமிடுகளும், பிரேசிலில் கட்டடக் கலைஞர் நீமையர் கான்கிரீட்டுக்குத் தந்த வளைவுகளும் அவரை ஈர்த்திருந்தன. ஆனால் வடிவத்தின் பயன் வேறு. ஒவ்வொரு தளமும் பின்வாங்குவதால் வீட்டுக்கு ஒரு திறந்த மாடம் கிடைக்கிறது, வெயில் உள்ளே வருகிறது, கடற்காற்று செங்குத்துச் சுவரில் மோதிச் சுழலாமல் சரிவின்மீது ஏறிப் போகிறது. முகப்புகளில் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும் கான்கிரீட் அலங்காரங்கள் நிழல் தருவதற்காகவும் அமைக்கப்பட்டவை. வாகனச் சாலைகளிலிருந்து பிரித்து அமைத்த நடைபாதைகளையும், வெறும் மணலில் நட்டு வளர்த்த பைன் மரங்களையும் உங்கள் உரையில் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டடங்களைத் தனியாகக் காட்டும் படங்கள் அந்நகரத்தின் பாதியை மறைத்துவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

நிழலும்வெயிலும்

வரைபலகை ஐயா கூறியவற்றோடு நம் ஊர்ப் பக்கத்தையும் சேர்க்கிறேன். கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 1973-இல் முடிக்கப்பட்டது. வில்லியம் லிம், டே கெங் சூன், கான் எங் ஊன் ஆகியோரின் டிசைன் பார்ட்னர்ஷிப் என்ற கட்டடக்கலை நிறுவனம் அதை வடிவமைத்தது. கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், கடலைப் பார்த்தபடி படிப்படியாகப் பின்வாங்கி ஏறும் மேல்தளங்களில் வீடுகள் என்று, ஒரு தெருவின் வாழ்க்கை முழுவதையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர முயன்ற கட்டடம் அது. விடுமுறைக் காலத்தில் நிரம்பி மற்ற மாதங்களில் அடங்கிவிடும் லா கிராந்த் மோத்தின் குடியிருப்புகளிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபடுகிறது.

பருவநிலையும் வேறு. அங்கே குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருப்பதால் சரிந்த முகப்பு வெயிலை வரவேற்கிறது. நமக்கோ சூரியன் ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கிறது, மழையும் கொட்டுகிறது; ஆகவே திறந்த மாடம் வெந்துபோகும், அல்லது நனைந்துபோகும். கோல்டன் மைலில் வசித்தவர்கள் பலர் மாடங்களைக் கண்ணாடியாலும் தகடுகளாலும் அடைத்ததை அலங்கோலம் என்று பழித்தவர்கள் உண்டு. வெயிலோடும் மழையோடும் வாழ வேண்டியவர்கள் செய்த நியாயமான மாற்றமாகவே நான் அதைக் காண்கிறேன். நம் வெப்பத்துக்கு உண்மையில் பயன்பட்டது மறுபக்கம்தான்: சரிவின் அடியில், கட்டடத்தின் வயிற்றுக்குள் உருவான உயர்ந்த, நிழலான பொதுவெளி.

கரையோரவாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. மாடங்களை அடைத்ததைப் பற்றிய விளக்கம் என் பார்வையை மாற்றிவிட்டது. பாதுகாப்பைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

பழையசுவர்

இரண்டு நாடுகளும் இதில் வெவ்வேறு வழியில் சென்றுள்ளன. லா கிராந்த் மோத்துக்கு 2010-இல் இருபதாம் நூற்றாண்டு மரபுச் சின்னம் என்ற அரசு முத்திரை கிடைத்தது. அது பெருமையைத் தந்ததே தவிர, தானாகவே இடிப்பைத் தடுக்கும் சட்ட வலிமையைத் தரவில்லை. இங்கே கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2021-இல் பாதுகாக்கப்படும் கட்டடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டதால், மறுஆண்டு உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து முழுக் கட்டடத்தையும் விற்கும் கூட்டு விற்பனையில் 700 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்குக் கைமாறியபோதும் அதன் முதன்மைக் கட்டடத்தை வாங்கியவர்கள் இடிக்க முடியாது. அந்த அறிவிப்பு கிடைக்காத பேர்ல் பேங்க் என்ற சிங்கப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்பு 2018-இல் விற்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. 1976-இல் முடிந்த அந்த 38 மாடி வளைவுக் கட்டடத்தின் இழப்பை நான் இன்றும் எண்ணி வருந்துகிறேன்.

ஆனால் சட்டம் காப்பது கட்டடத்தை, குடியிருந்தவர்களை அல்ல. கோல்டன் மைலின் வீட்டுக்காரர்களும் தாய்லாந்துக் கடைக்காரர்களும் வெளியேறிவிட்டார்கள். லா கிராந்த் மோத்திலோ முத்திரை வலுவற்றதாக இருந்தும், ஆயிரக்கணக்கான வீட்டு உரிமையாளர்கள் இன்னும் தங்கள் மாடங்களுக்குத் திரும்பி வருகிறார்கள். வாசகர் வட்டத்தில் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து, எதைப் பாதுகாப்பு என்று அழைப்பது என்ற கேள்வியை உறுப்பினர்களிடமே விடலாம். கோல்டன் மைலின் தாய்லாந்து உணவகங்களில் ஒரு காலத்தில் உணவு உண்டவர்கள் பலர் உங்கள் வட்டத்தில் இருப்பார்கள், அவர்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும்.