கையெழுத்து போட்டாலே சட்டமாம்! 51-ஐ வெச்சு கதை விடுறவங்க கொஞ்சம் இங்க வாங்க

கறுப்புக்கோட்டு:
நேத்து இன்னொரு இழையில நம்ம பாலாத்துக்காரன் ஒரு முத்து உதிர்த்திருந்தாரு. "இந்தியா ஒரு சர்வதேச ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுட்டா அன்னைக்கே அது இங்க சட்டம், அரசமைப்பு 51-லயே இருக்கு, வக்கீலுங்கதான் ஜனங்ககிட்ட மறைக்கிறாங்க"ன்னு. அதுக்கு லைக் வேற குவியுது. ஐயா, 51 எந்த பாகத்துல இருக்குன்னாவது பாத்தீங்களா? நாலாவது பாகம். அதே பாகத்துல 37 என்ன சொல்லுதுன்னா, இதுல இருக்கிற எதையும் கோர்ட்டுக்கு போய் அமல்படுத்துன்னு கேக்க முடியாதுன்னு. 51 சொல்றதெல்லாம் சர்வதேச சட்டத்துக்கு மரியாதை வளர அரசு முயற்சி பண்ணணும், அவ்ளோதான். ஒப்பந்தத்தை அமல்படுத்த பார்லிமெண்ட் சட்டம் போட 253-ல தனியா அதிகாரம் குடுத்திருக்காங்க. கையெழுத்துலயே வேலை முடிஞ்சுதுன்னா 253 எதுக்கு, அலங்காரத்துக்கா? ஜெனீவா ஒப்பந்தங்கள் 1949, இங்க அதுக்கு சட்டம் போட்டது 1960. தூதர்கள் பத்தின வியன்னா ஒப்பந்தம் 1961, இங்க சட்டம் 1972. பொழுது போகாமலா போட்டாங்க?

பாலாத்துக்காரன்:
வந்துட்டாருய்யா. பிஎன்எஸ் (புது குற்றச் சட்டம்) பத்தின இழையில கேள்வி கேட்டப்ப ப்ளாக் பண்ணிட்டு ஓடினவரு இப்ப புது இழையே திறந்துட்டாரு, சந்தோஷம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். விசாகா கேஸ், 1997. வேலை செய்ற இடத்துல பாலியல் தொல்லைக்கு இந்த நாட்டுல தனிச் சட்டமே கிடையாது அப்போ. சுப்ரீம் கோர்ட் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கிற ஐநா உடன்படிக்கையை கையில எடுத்து நாடு முழுக்க எல்லா ஆபீஸுக்கும் விதி போட்டுச்சா இல்லையா? 2013-ல சட்டம் வர்ற வரைக்கும் 16 வருஷம் அதானே சட்டம்? உங்க 253 அந்த 16 வருஷம் எங்க தூங்குச்சு?

கறுப்புக்கோட்டு:
ப்ளாக் பண்ணது கெட்ட வார்த்தைக்கு, கேள்விக்கு இல்ல. அதை சௌகரியமா மறந்துடுவீங்க. விசாகாவுல கோர்ட் நின்னது 14, 15, 19, 21 மேல. அடிப்படை உரிமைகள். அதுக்கு அர்த்தம் சொல்ல உடன்படிக்கையை துணைக்கு எடுத்துக்கிச்சு, அதுவும் உள்நாட்டு சட்டம் இல்லாத இடத்துல, முரண் இல்லாத வரைக்கும். நீங்க தீர்ப்பை படிக்காம தீர்ப்போட பேரை மட்டும் படிச்சிருக்கீங்க. கையெழுத்துதான் சட்டம்னா இன்னொண்ணு சொல்லுங்க, சித்திரவதைக்கு எதிரான ஐநா ஒப்பந்தத்துல 1997-ல இந்தியா கையெழுத்து போட்டுச்சு. விசாகா வந்த அதே வருஷம். இன்னும் ரேடிஃபை பண்ணல, அதாவது கையெழுத்தை உறுதிப்படுத்தி முறைப்படி ஏத்துக்கல. 2010-ல லோக்சபாவுல ஒரு மசோதா பாஸ் ஆச்சு, அதோட காலி. உங்க கணக்குப்படி 1997-லயே அது சட்டமாயிருக்கணுமே, எங்க காணோம்?

செங்காந்தள்:
ஒரு நிமிஷம். கையெழுத்து போடுறது ஒண்ணு, ரேடிஃபை பண்றது ஒண்ணு, உள்நாட்டுல சட்டமாக்குறது ஒண்ணு. பெண்கள் உடன்படிக்கையை இந்தியா 1993-ல ரேடிஃபை பண்ணிடுச்சு, சித்திரவதை ஒப்பந்தம் வெறும் கையெழுத்து. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சு பேசுனா எப்படி முடியும்? அப்புறம் விசாகாங்கறது ஒரு நம்பர் இல்ல. குழந்தைக் கல்யாணத்தை தடுக்கப் போன ராஜஸ்தான் பெண்ணுக்கு நடந்த கொடுமையில இருந்து வந்த தீர்ப்பு. அதை வெச்சு நீங்க ரெண்டு பேரும் கபடி ஆடிக்கிட்டு இருக்கீங்க.

பாலாத்துக்காரன்:
மேடம் நல்லா சொன்னீங்க, கறுப்புக்கோட்டு பதில் சொல்லட்டும். 16 வருஷம். பதில் வரல. இன்னொண்ணும் தர்றேன், எங்க ஊரு கேஸ். 1996, வேலூர் டேனரி கேஸ். பாலாத்துல தோல் கழிவை விட்டு தண்ணிய நாசம் பண்ணுனதுக்கு சுப்ரீம் கோர்ட், கேடு வர்றதுக்கு முன்னாடியே தடுக்கணும்ங்கற முன்னெச்சரிக்கை கோட்பாடும் மாசுபடுத்தினவனே காசு கட்டணும்ங்கறதும் இந்த நாட்டு சட்டத்தோட பாகம்னு சொல்லுச்சு. எந்த பார்லிமெண்ட் அந்த வார்த்தைய சட்டமா போட்டுச்சு? எங்க கிணத்து தண்ணிய குடிச்சு பாத்துட்டு வந்து 253 பேசுங்க.

கறுப்புக்கோட்டு:
வேலூர் கேஸ் ஒப்பந்தமே இல்லைங்க! அது சர்வதேச வழக்காறு, நாடுங்க வழக்கமா கடைப்பிடிச்சே சட்டமா ஆனது. அதுக்கு விதி வேற. உள்நாட்டு சட்டத்துக்கு முரண் இல்லைன்னா வழக்காறு தானா உள்ள வரும், 1984-ல கிராமஃபோன் கம்பெனி கேஸ்லயே சொல்லிட்டாங்க, பார்லிமெண்ட் சட்டம் எதிரா இருந்தா பார்லிமெண்ட்தான் ஜெயிக்கும். நாம பேசுறது ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்கு 1980 ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் கேஸ் எடுங்க, பேங்க் ஆஃப் கொச்சின் எதிர்த்தரப்பு. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினது. உள்நாட்டு சட்டம் மாறுற வரைக்கும் கோர்ட்டை கட்டுப்படுத்துறது உள்நாட்டு சட்டம்தான், உடன்படிக்கை இல்லைன்னு பச்சையா எழுதியிருக்காரு.

பாலாத்துக்காரன்:
ஹாஹா மாட்டிக்கிட்டீங்க. அந்த கேஸ்ல கடன் கட்டாதவனை சும்மா ஜெயில்ல போடக்கூடாதுன்னு முடிச்சதே 51-ஐ வெச்சுதான்! நீங்களே எடுத்து குடுக்குறீங்களே சார்.

கறுப்புக்கோட்டு:
அது சிவில் புரொசிஜர் கோட் 51!!! அரசமைப்பு 51 இல்ல! கடனாளிய சிவில் ஜெயில்ல போடுறது பத்தின பிரிவு. நம்பர் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒண்ணாயிடுமா? கடவுளே.

பாலாத்துக்காரன்:
அரசமைப்பு 51-உம் அதே தீர்ப்புல வருது, நல்லா கண்ணைத் திறந்து படிங்க.

கறுப்புக்கோட்டு:
வருது. வந்த உடனே "இருந்தாலும்"னு திரும்புறாரு, அதையும் சேத்து படிங்க. அந்த "இருந்தாலும்"தான் சட்டம்.

திண்ணைத்தமிழன்:
ரெண்டு 51 சண்டை போடுறத இன்னைக்குத்தான் பாக்குறேன் 😂 எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா நல்லா இருக்கு. நம்ம கோர்ட்டு கேக்கலைன்னா நேரா நெதர்லாண்டுல இருக்கிற உலக கோர்ட்டுல கேஸ் போட்டுட வேண்டியதுதானே?

கறுப்புக்கோட்டு:
தனி ஆள் போட முடியாது. நாடுங்க மட்டும்தான் அங்க கட்சிக்காரங்க. ஆள் மேல கிரிமினல் கேஸ் நடத்துறது அதே ஊர்ல இருக்கிற வேற கோர்ட், அதுல இந்தியா உறுப்பினரே இல்ல. இதெல்லாம் அரிச்சுவடி.

ஏழாம்நம்பர்பஸ்:
அண்ணே நான் ராமேஸ்வரம் பக்கம். ஒரு சந்தேகம். கையெழுத்து மட்டும் போதாது, பார்லிமெண்ட் சட்டம் வேணும்னு சொல்றீங்க. 1974-ல கச்சத்தீவை கையெழுத்து போட்டுத்தான குடுத்தாங்க? பார்லிமெண்ட் எந்த சட்டமும் போடலையே? அப்போ அது செல்லாதா?

பாலாத்துக்காரன்:
அப்படி போடு தம்பி!! கையெழுத்து போட்டாங்க, தீவு போச்சு. இப்ப சொல்லுங்க கறுப்புக்கோட்டு சார், கையெழுத்து போதுமா போதாதா? இனி 253-ஐ எங்க ஒளிச்சு வெப்பீங்க?

கறுப்புக்கோட்டு:
கொஞ்சம் பொறுமையா கேளுங்க, இது வேற சமாச்சாரம். நாட்டோட நிலத்தை இன்னொரு நாட்டுக்கு விட்டுக்குடுக்கணும்னா அரசமைப்பையே திருத்தணும், 1960-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன பெருபாரி கருத்துரை, பாகிஸ்தானோட போட்ட நேரு–நூன் ஒப்பந்தம் சம்பந்தமா வந்தது, அதுக்காகத்தான் ஒன்பதாவது திருத்தம் வந்துச்சு. 2015-ல பங்களாதேஷோட நிலம் மாத்தினப்பவும் நூறாவது திருத்தம் போட்டாங்க. ஆனா எல்லை எங்கன்னே தகராறு இருந்து அதை தீர்த்துக்கிட்டா திருத்தம் வேண்டாம், அரசாங்கமே பண்ணலாம், 1969 மகன்பாய் கேஸ், குஜராத் பக்கம் பாகிஸ்தானோட இருந்த கட்ச் ரண் எல்லை விவகாரம். கச்சத்தீவுல மத்திய அரசு சொல்றது இது எல்லைய தீர்த்துக்கிட்டதுதான்னு. நம்ம பக்கம் சொல்றது, ராமநாதபுரம் ஜமீன் நிலம் அது, அதனால விட்டுக்குடுத்ததுதான்னு. 2008-ல ஜெயலலிதா கேஸ் போட்டதும் இதுக்குத்தான், 2013-ல கலைஞர் போனதும் இதுக்குத்தான்.

திண்ணைத்தமிழன்:
1974-ல மாநிலத்துல யார் ஆட்சின்னு சொல்லாம தாண்டுறீங்களே சார், அந்த கோட்டு கறுப்பு மட்டும்தானா, பக்கத்துல சிவப்பும் இருக்கா?

கறுப்புக்கோட்டு:
வந்துட்டான்யா ஐடி விங்கு. ரெண்டு கட்சி பேரையும்தான சொன்னேன்? 2014-ல மத்திய அரசோட அட்டர்னி ஜெனரல் சுப்ரீம் கோர்ட்லயே, திருப்பி வாங்கணும்னா போருக்குத்தான் போகணும்னாரு, அது எந்த ஆட்சின்னு நீங்க போய் பாருங்க.

செங்காந்தள்:
நான் கேட்ட கையெழுத்துக்கும் ரேடிஃபைக்கும் உள்ள வித்தியாசத்தை இதுவரைக்கும் ஒருத்தரும் தொடல. அதுக்குள்ள கட்சிக்கு போயாச்சு. நல்லது.

பாலாத்துக்காரன்:
மேடம் அதெல்லாம் டெக்னிக்கல். விஷயம் என்னன்னா 16 வருஷம். அதுக்கு இன்னும் பதில் இல்ல. கச்சத்தீவுக்கும் பதில் இல்ல. பாகிஸ்தான் மரண தண்டனை குடுத்த குல்பூஷன் ஜாதவ் கேஸ்ல 2017-ல ஹேக்ல இருக்கிற அந்த உலக கோர்ட் வரைக்கும் போன அரசாங்கம் நம்ம மீனவனுக்கு ஏன் போகல, அதுக்காவது பதில் இருக்கா?

கறுப்புக்கோட்டு:
இருக்கு, கேக்க காது இருந்தா. ஜாதவ் கேஸ்ல இந்தியாவும் பாகிஸ்தானும் தூதரக உறவு ஒப்பந்தத்தோட விருப்ப நெறிமுறைய, அதாவது தகராறு வந்தா உலக கோர்ட்டுக்கு போகலாம்ங்கறதை ஏத்துக்கிட்டதால அந்த கோர்ட்டுக்கு அதிகாரம் வந்துச்சு. பொதுவா காமன்வெல்த் நாடுகளோட தகராறுக்கு வரமாட்டேன்னு இந்தியா 1974-லயே எழுதி குடுத்திருக்கு. அதைக் காட்டித்தான் 2000-த்துல, இந்தியா சுட்டு வீழ்த்தின விமானத்துக்காக பாகிஸ்தான் போட்ட கேஸை அந்த கோர்ட்டே தள்ளுச்சு. இலங்கையும் காமன்வெல்த்துதான். நாம பூட்டின கதவை நாமளே தட்டணுமா?

ஏழாம்நம்பர்பஸ்:
அண்ணே எல்லாம் சரி, நான் கேட்டதுக்கு ஒரு வார்த்தையில சொல்லுங்க. 1974 செல்லுமா செல்லாதா?

கறுப்புக்கோட்டு:
தம்பி, அதை ஒரு வார்த்தையில சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல, சுப்ரீம் கோர்ட்ல கேட்டிருக்கிற கேள்வியே அதுதான். எல்லைய தீர்த்ததா, நிலத்தை குடுத்ததா, அதுல நிக்குது.

பாலாத்துக்காரன்:
இப்படி பேசித்தான் வாய்தாவுக்கு வாய்தா ஃபீஸ் வாங்குறது.

கறுப்புக்கோட்டு:
அட்மின், தொழிலை இழுக்குறாரு, கவனிங்க. அப்புறம் கெட்ட வார்த்தைக்கு ப்ளாக் பண்ணா ஓடிட்டேன்னு அழ வேண்டியது.

திண்ணைத்தமிழன்:
அட்மின் எந்த 51-ஓட பக்கம்? 😂